பெரம்பூர் பாட் ரோஸ்ட்டா, மார்த்தாண்டம் வறுத்த இறைச்சியா? கிறிஸ்துமஸ் மதியத்துக்கு எது கைகொடுக்கும்

24ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு வந்து சேர இரண்டு மணி ஆகிவிடும். மறுநாள் பன்னிரண்டரைக்கெல்லாம் எங்கள் பெரம்பூர் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் இருப்பார்கள். நடுவில் கிடைக்கிற நேரத்தில் தூங்க வேண்டும், பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும், வருகிறவர்களோடு நாலு வார்த்தை பேசவும் வேண்டும். அதனால் மாட்டிறைச்சியை எப்படிச் சமைப்பது என்று யாராவது கேட்டால் ருசியை மட்டும் வைத்து நான் பதில் சொல்வதில்லை. பண்டிகை மதியத்தில் சமைத்தவரும் பந்தியில் உட்கார வேண்டும். அதற்கு எது இடம் கொடுக்கிறதோ அதற்கே என் முதல் ஓட்டு.

நான் பிறந்தது மார்த்தாண்டம் பக்கம். 1956 நவம்பர் வரை அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த மண். தேங்காய் எண்ணெயும் நல்லமிளகும் (மிளகைத்தான் அங்கே அப்படிச் சொல்வோம்) தேங்காய்க் கொத்தும் இல்லாமல் அங்கே இறைச்சி இறைச்சியாகாது. பெரம்பூருக்கு வந்த பிறகு, ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துக் கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் பாட் ரோஸ்ட் கற்றுக்கொண்டேன்; பெரிய துண்டுக் கறியை மூடிய பாத்திரத்தில் நிதானமாக வேகவைப்பது அது. இரண்டையும் பல கிறிஸ்துமஸுக்குச் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இறைச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் இரண்டு, இரண்டரை மணி நேரம் என்று போட்டிருப்பதை நம்பி அடுப்பை அணைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாடுகளைத்தான் பொதுவாக அறுக்க முடியும். அந்தக் குறிப்புகளோ இளம் மாட்டின் கறிக்கு எழுதப்பட்டவை. வயதான மாட்டின் கறியில் சவ்வு இறுகிப்போயிருக்கும். அந்தச் சவ்வில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் 70 டிகிரி செல்சியசைத் தாண்டிய சூட்டில், மணிக்கணக்கில்தான் ஜெலட்டினாக இளகும். அதற்காகத் தீயைக் கூட்டினால் சதைநார் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். குழம்பு நிறைய இருக்கும், உள்ளே கறி வறண்டிருக்கும். கடைக்காரரிடம் நெஞ்சுப்பகுதியோ தோள்பகுதியோ கேளுங்கள். பின்தொடை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கொழுப்பும் சவ்வும் குறைவு என்பதால் நீண்ட சமையலில் சக்கையாகிவிடும்.

பாட் ரோஸ்டுக்கு இரண்டு இரண்டரை கிலோவை ஒரே துண்டாக வாங்க வேண்டும். உப்பு, இடித்த மிளகு, இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சம் வினிகர் தடவி முதல் நாளே வைத்துவிட்டு, நூலால் கட்டி, அடிகனமான பாத்திரத்தில் எல்லாப் பக்கமும் கருஞ்சிவப்பாகும் வரை எண்ணெயில் புரட்டி எடுக்கிறோம். அப்புறம் முழுக் காய்ந்த மிளகாய், பட்டை, முழு மிளகு, வெங்காயம் போட்டு, கறியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு மூடிவிட வேண்டியதுதான். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும். நான்கு மணி நேரம், சில மாட்டுக்கு ஐந்து. இடையில் ஓரிரு தடவை திருப்பிப்போடுவதைத் தவிர உங்களுக்கு அங்கே வேலை இல்லை.

சூடாக இருக்கும்போது வெட்ட ஆன்ட்டி விடவே மாட்டார். முதல் வருஷம் நான் அவசரப்பட்டு வெட்டி, தட்டு முழுக்க நார்நாராக உதிர்ந்தது. இரவு குளிர்ப்பெட்டியில் வைத்துக் காலையில் எடுத்தால் சாறு முழுக்க ஜெல்லியாக உறைந்திருக்கும், கொழுப்பு மேலே கட்டியாக நிற்கும். அப்போது நாரின் குறுக்கே கத்தியை வைத்தால் விரல் கனத்துக்கு அழகான வில்லைகள் வரும். அவற்றை அந்தச் சாற்றிலேயே போட்டு, தனியாக வேகவைத்த உருளைக்கிழங்கோடு சின்னத் தீயில் அரைமணி நேரம் நன்றாகச் சூடாக்கினால் பந்தி தயார். அந்த அரைமணி நேரமும் நான் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்.

மார்த்தாண்டம் வழியில் கறி இரண்டு தடவை சமைக்கப்படுகிறது. சின்னத் துண்டுகளாக நறுக்கி மல்லி, மிளகாய், மஞ்சள், பெருஞ்சீரகம், இஞ்சி, பூண்டு, தேங்காய்க் கொத்து சேர்த்து வேகவைப்பது ஒரு கட்டம். பிறகு உருளி என்கிற அகன்ற பாத்திரத்தில் தேங்காய் எண்ணெயில் உள்ளியும் (சின்ன வெங்காயம்) கறிவேப்பிலையும் வதக்கி, வெந்த கறியைச் சாற்றோடு கொட்டி, நல்லமிளகு தூவிக் கறுக்கக் கறுக்க வறட்டி எடுப்பது அடுத்த கட்டம். வாசனையில் பாட் ரோஸ்ட் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. தெரு முனையிலேயே ஆளை இழுத்துவிடும். சொல்லாமல் நாலு பேர் கூட வந்தாலும் கவலையில்லை, மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, கூடுதலாக வேகவைத்துச் சமாளித்துவிடலாம். பாட் ரோஸ்ட் வில்லைகளோ எண்ணிக்கைக் கணக்கு. ஆறாவது ஆளுக்கு ஒன்று குறைந்தால் குறைந்ததுதான்.

ஆனால் அந்த இரண்டாவது கட்டம் ஆளைத் தின்னும். ஐந்து கிலோவை மொத்தமாக உருளியில் போட்டால் வறுபடாது, வெந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு மூன்று பங்காகப் பிரித்துக் கிளறினால் ஒன்றரை மணி நேரம் அடுப்பை விட்டு நகர முடியாது. என் அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் விருந்தாளிகள் எல்லாரும் கை கழுவிய பிறகே சாப்பிட உட்கார்ந்தார். சின்ன வயதில் அது எனக்குக் கண்ணில் படவில்லை. இப்போது நினைத்தால் மனசு வலிக்கிறது.

குக்கர் வைக்கலாமா என்ற கேள்விக்கு இரண்டு கறிக்கும் ஒரே பதில் இல்லை. குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 டிகிரி வரை போகும், அதனால் நேரம் மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. வறுத்த இறைச்சிக்குக் குக்கரைத் தாராளமாக வைக்கலாம். விசில் வந்ததும் தீயைக் குறைத்து 35 நிமிடம் வையுங்கள், மிச்ச ருசியை உருளி பார்த்துக்கொள்ளும். பாட் ரோஸ்ட்டைக் குக்கரில் வைத்தால் கறி வேகும், ஆனால் ஆவி வெளியேறாமல் இறுக மூடிய பாத்திரத்தில் சாறு வற்றுவதில்லை. அந்தக் கெட்டியான கிரேவி வராது, கிரேவி இல்லாத பாட் ரோஸ்ட்டுக்கு அர்த்தமும் இல்லை. மின்சார ஸ்லோ குக்கரும் இதே கதைதான்.

உப்புக்கண்டம் மாதிரி இன்னொன்றும் ஆங்கிலோ இந்திய வீடுகளில் உண்டு, சால்ட் பீஃப். உப்பும் எலுமிச்சைச் சாறும் தடவி, கனம் ஏற்றி, தினமும் திருப்பிப்போட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஊறவைத்து, வேகவைத்து, மெல்லிசாகச் சீவி ஆறியபடியே பரிமாறுவார்கள். சிவப்பு நிறத்துக்கு வெடியுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். அதன் அளவு துல்லியமாகத் தெரியாதவர்கள் கைவைக்க வேண்டாம்.

எதைச் செய்தாலும், சமைத்த கறியை இரவு முழுக்க அடுப்பு மேலேயே விட்டுவிட்டுப் பூசைக்குப் போகாதீர்கள். சென்னையின் டிசம்பர் குளிர் அதற்குப் போதாது. பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

இனி குடிப்பதற்கு. திராட்சை ஒயின்தான் எல்லாருக்கும் ஆசை. கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, ஈஸ்ட், கிராம்பு போட்டுப் பீங்கான் பரணியில் 21 நாள் புளிக்கவைப்பது ஊரில் பார்த்து வளர்ந்ததுதான். ஆனால் தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, அனுமதியில்லாமல் வீட்டில் மது தயாரிக்க முடியாது. பிள்ளைகளும் வண்டி ஓட்டித் திரும்புகிறவர்களும் நிறைந்த பந்திக்கு அது பொருந்தவும் இல்லை. அதனால் நான் விட்டுவிட்டேன்.

மிச்சம் இரண்டு. ஒன்று, பெயரில் மட்டும் ஒயின் இருக்கும் இஞ்சி ஒயின். கால் கிலோ இஞ்சியைத் தட்டி, நாலைந்து காய்ந்த மிளகாய், பட்டை, கிராம்போடு மூன்று லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஒரு கிலோ சர்க்கரை கரைத்து, ஆறியதும் நாலு எலுமிச்சை பிழிய வேண்டும். கொஞ்சம் சர்க்கரையைத் தனியாகக் கருக்கிச் சேர்த்தால்தான் அந்தத் தேன் நிறம் வரும். புளிக்கவைப்பதே இல்லை. ஒரு வாரம் முன்பே செய்து குளிர்ப்பெட்டியில் அடுக்கிவிடலாம், அங்கே வைக்க வைக்கக் காரம் இன்னும் அழகாக இறங்கும். இன்னொன்று, கம்பம் பன்னீர் திராட்சையைக் கிராம்போடு கொதிக்கவிட்டுப் பிழிந்து எடுக்கும் சாறு. மணம் அபாரம், ஆனால் இரண்டு மூன்று நாளைக்குள் காலி செய்துவிட வேண்டும்.

இரண்டில் இஞ்சி ஒயின்தான் சிறந்தது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட் ரோஸ்டுக்கு இப்போதும் அதையேதான் சொல்வேன், அந்தக் கொழுத்த கிரேவிக்குப் பின் இஞ்சி தொண்டையைச் சுத்தமாக்குகிறது. வறுத்த இறைச்சியோடு கொடுத்தபோதுதான் தப்பு தெரிந்தது. நல்லமிளகுக் காரத்தின் மேல் இஞ்சிக் காரம் ஏறிப் பிள்ளைகள் தண்ணீருக்கு ஓடினார்கள். அங்கே திராட்சைச் சாற்றின் இனிப்பும் தோலின் லேசான துவர்ப்பும்தான் எடுபடும்.

பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் யோசிக்காமல் பாட் ரோஸ்டும் இஞ்சி ஒயினும் செய்யுங்கள். இருபதைத் தாண்டினால் நான் செய்வது இதுதான்: மூன்று கிலோ பாட் ரோஸ்ட், இரண்டு கிலோ வறுத்த இறைச்சி. பின்னதை 24ஆம் தேதி மாலையே முக்கால்வாசி வறட்டி எடுத்து வைத்துவிடுகிறேன். மறுநாள் புதுக் கறிவேப்பிலையைத் தேங்காய் எண்ணெயில் பொரியவிட்டு, கறியைப் போட்டுப் பதினைந்து நிமிடம் புரட்டினால் குளிரில் இறுகின தேங்காய்க் கொத்தும் இளகிவிடுகிறது. போன கிறிஸ்துமஸுக்கு ஊரிலிருந்து வந்த அம்மா வாயில் போட்டுப் பார்த்து, நேற்று வறட்டினது என்று உடனே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அந்த மதியம் முதல் பந்தியிலேயே, கீழ்வீட்டு ஆன்ட்டிக்குப் பக்கத்தில், அவரும் இலை போட்டு உட்கார்ந்தார்.