மாற்றி வைப்பதா, பக்கத்தில் வைப்பதா: வீடியோ கேம்களின் விதிமாற்றம் குறித்து ஓர் ஒப்பீடு

திருப்பூரில் பத்து வருடமாக ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைத்தவரை ஒரு திங்கட்கிழமை காலையில் பேட்லாக் மெஷினுக்கு மாற்றினால், அவருக்குத் தையல் மறந்துவிடப் போவதில்லை. ஆனால் மாலையில் பீஸ் கணக்கு எழுதும்போது வழக்கமான எண்ணிக்கையில் பாதிகூடத் தேறியிருக்காது. புது மெஷின் பழையதைவிட நல்லதா என்பது அன்றைக்கு அவருக்குக் கேள்வியே அல்ல. துணியை எந்த இடத்தில் திருப்ப வேண்டும் என்பதைக் கண்ணுக்கு முன்பே அறிந்து வைத்திருந்த கை, இப்போது யோசிக்கத் தொடங்கிவிட்டது என்பதுதான் அவருடைய சிக்கல். ஒரு வீடியோ கேமின் ஆட்டமுறையை அதன் நிறுவனம் மாற்றும்போது ஆடுபவருக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுவே என்பதால், விதிமாற்றங்களை ஒப்பிடும் இந்த அலசலில் படத்தின் பளபளப்பையோ புது ஆயுதங்களின் எண்ணிக்கையையோ பொருட்படுத்தாமல், பழகிய கைக்கு என்ன ஆகிறது என்பதையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆட்டத்தை மாற்ற நினைக்கும் நிறுவனத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை வைக்கலாம். பழையது இருக்க, புதியதைப் பக்கத்தில் வைக்கலாம். முன்பே எடுத்து வீசியதைப் பின்னாளில் தேடிக் கொண்டுவந்து தரலாம். எதையும் தொடாமல் விட்டுவிடுவது நான்காவது வழி என்றாலும், ஆயிரக்கணக்கானோர் ஒவ்வொரு நாளும் குறுக்குவழி தேடும் இணைய ஆட்டங்களில் அது நெடுநாள் நிற்காது என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதல் வழிக்கு, இரண்டு அணிகள் துப்பாக்கியோடு மோதும் கவுன்டர் ஸ்ட்ரைக்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஹாஃப் லைஃப் ஆட்டத்தின்மேல் ஆர்வலர்கள் 1999-இல் கட்டிய அந்த ஆட்டத்தின் 1.6 பதிப்பு 2003-இல் வந்தது. கோவை காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரின் மாடியறையில், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து அதை ஆடிப் பழகியவன் நான். ஏகே துப்பாக்கியின் குண்டுகள் மேலே ஏறும்போது மவுஸை எவ்வளவு கீழே இழுக்க வேண்டும் என்பது என் மணிக்கட்டுக்குத் தெரியும். வாயால் விளக்கச் சொன்னால் தெரியாது. 2012-இல் அதே வரிசையின் புதிய ஆட்டமான குளோபல் அஃபென்சிவ் வந்தபோது 1.6 எங்கும் போய்விடவில்லை, விரும்பியவர்கள் அதிலேயே இருந்தார்கள். ஆனால் 2023 செப்டம்பர் 27 அன்று வந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 2, குளோபல் அஃபென்சிவ் இருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. முந்தைய நாள் ஆடியவர் மறுநாள் திறந்தபோது வேறோர் ஆட்டம் இருந்தது.

அந்த ஒரே நாளில் வந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே தன்மை கொண்டவை அல்ல என்பதால் அவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். புகைக்குண்டு முன்பு ஒரு திரை. இப்போது அது இடத்தை நிரப்பும் உண்மையான புகையாகச் சந்தின் வடிவத்துக்கேற்பப் பரவுகிறது, கையெறிகுண்டு வெடித்தால் நடுவில் விலகிச் சில நொடி வழிவிடுகிறது. இதைக் கற்றுக்கொள்ளக் கைக்குச் சில வாரம் பிடித்தாலும், பழைய திறமையின் மேலேயே புதிய திறமை ஏறுகிறது. எங்கே புகை போடுவது என்று அறிந்தவருக்கு எப்போது அதைக் கலைப்பது என்பது கூடுதல் பாடம் மட்டுமே. இரண்டாவது மாற்றம் ஆட்டத்தின் நீளம். முன்பு 16 சுற்று வென்றால் வெற்றி, இப்போது 13 போதும். அளவில் இது சிறிய மாற்றமாகத் தெரிந்தாலும் ஆடும் மனத்தைப் புகையைவிட இதுதான் அதிகம் மாற்றியது என்று சொல்வேன், ஏனென்றால் ஒவ்வொரு பாதியும் கைத்துப்பாக்கிச் சுற்றில் தொடங்குவதால், மொத்தச் சுற்றுகள் குறையக் குறைய அந்த முதல் சுற்றின் கனம் கூடுகிறது, பின்தங்கியவர் ஆட்டத்துக்குள் பணம் சேர்த்து, நல்ல துப்பாக்கி வாங்கி எழுந்து வருவதற்கான அவகாசம் சுருங்குகிறது. பொறுமையாக ஆடுபவருக்கு இது இழப்பு. ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி உட்காரும் கல்லூரி மாணவருக்கோ, ஆட்டம் பாதியில் இருக்கும்போது நேரம் முடிந்துவிட்டதென்று சென்டர் அண்ணன் வந்து தோளைத் தட்டும் கொடுமை குறைந்தது. (அந்தத் தட்டலை வாங்கியவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும்.)

மூன்றாவது மாற்றத்தைப் பற்றி விதிகளைப் பேசுபவர்கள் குறைவாகவே பேசுகிறார்கள். புதிய ஆட்டம் டைரக்ட் எக்ஸ் 9 என்ற பழைய வரைகலை மென்பொருளை மட்டும் கொண்ட கணினிகளையும், 32 பிட் இயங்குதளங்களையும், மேக் கணினிகளையும் கைவிட்டது. துடியலூரிலும் அவிநாசியிலும் பழைய மெஷின்களை ஒட்டுப்போட்டு ஓட்டுகிற ஒரு சென்டர்க்காரருக்கு இது ஆட்டமுறை மாற்றம் அல்ல, கதவடைப்பு. கற்ற கை மாறவில்லை, கற்றதைக் காட்டும் இடம் போய்விட்டது. மாற்றீடு என்ற வழியின் மேல் எனக்குள்ள முதன்மையான குறை இதுவே: நல்ல மாற்றத்தையும் கெட்ட மாற்றத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, எடுத்தால் எல்லாவற்றையும் எடு என்று சொல்லிவிடுகிறது.

ஓவர்வாட்ச் என்ற அணிச் சண்டை ஆட்டம் இதே வழியில் இன்னும் கடுமையாகப் போனது. 2016-இல் வந்த முதல் ஆட்டத்தில் அணிக்கு 6 பேர், அடியைத் தாங்கி முன்னே நிற்கும் டேங்க் 2019 முதல் இருவர். 2022 அக்டோபரில் அந்த ஆட்டத்தை மூடிவிட்டு வந்த இரண்டாவது ஆட்டத்தில் அணிக்கு 5 பேர், டேங்க் ஒருவர் மட்டுமே. இருவர் நிற்கும்போது ஒருவர் துணிந்து முன்னேறினால் மற்றவர் பின்னால் காப்பார். ஒருவரே நிற்கும்போது அவர் சாய்ந்தால் அணியே சாய்கிறது, பழி முழுவதும் அவர் தலையில் விழுகிறது. ஓர் எண்ணைக் குறைத்ததால் ஒரு வேலையின் இயல்பே மாறிவிட்டது. 2024 இறுதியில் 6 பேர் ஆட்டத்தை நிறுவனமே சோதனையாக மீண்டும் திறந்து பார்த்ததை, அந்த இழப்பை அவர்களும் உணர்ந்ததற்கான அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இருந்தும் மாற்றீட்டை முற்றாகத் தள்ளிவிட முடியாது. 2010-இல் வெளிவந்து பெரிதும் ஏச்சு வாங்கிய ஃபைனல் ஃபேன்டசி 14 ஆட்டத்தை 2012-இல் மூடி, 2013-இல் புதிதாகக் கட்டித் தந்தபோது, துக்கம் கேட்க வந்தவர்களைவிடக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களே அதிகம். 2020 டிசம்பரில் குறைகளோடு வந்த சைபர்பங்க் 2077, 2023 செப்டம்பரில் திறன் அமைப்பையும் காவல்துறையின் நடத்தையையும் மாற்றிக்கொண்டபோதும் அப்படித்தான். அது தனியாக ஆடும் ஆட்டம். எதிரே நிற்பது கணினி. இன்னொருவரின் பழகிய கையோடு நம் கை மோதாத இடத்தில் மாற்றத்தின் விலை குறைவு.

இரண்டாவது வழிக்கு வருவோம். ஃபோர்ட்நைட் ஆட்டத்தின் தனி அடையாளமே மரமும் கல்லும் இரும்பும் சேர்த்து, சண்டைக்கு நடுவில் சுவரும் படியும் எழுப்புவது. வருடக்கணக்கில் பழகியவர்கள் ஒரு நொடியில் கோபுரம் கட்டிவிடுவார்கள்; புதிதாக வந்தவர் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் எதிராளி நாலாவது மாடியில் நிற்பார். 2022 மார்ச் 20 அன்று கட்டும் வசதியை எல்லா வழக்கமான ஆட்டங்களிலும் எடுத்துவிட்டார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் அது முதல் வழி. ஆனால் மார்ச் 29 அன்று கட்டுமானத்தைத் திருப்பித் தந்ததோடு, கட்டாமல் ஆடும் முறையை ஜீரோ பில்ட் என்ற பெயரில் நிரந்தரமாகப் பக்கத்திலேயே வைத்தார்கள். சுவர் இல்லாத குறையை ஈடுகட்ட, தானாக நிரம்பும் 50 புள்ளிக் கவசம் ஒன்றையும் ஆடுபவர்களுக்குத் தந்தார்கள்.

கோபியில் இருக்கும் என் அக்கா மகன் ஜீரோ பில்ட் மட்டுமே ஆடுகிறான். "மாமா, நீங்க செவுரு கட்டி முடிக்கறதுக்குள்ள நான் மூணு பேரைச் சுட்டுப் போட்டிருப்பேனுங்க" என்று அவன் சொல்வதில் கேலி இருந்தாலும் ஓர் உண்மையும் இருக்கிறது: எங்கள் இருவர் கையும் வேறுவேறு பள்ளியில் படித்தவை. பக்கத்தில் வைக்கும் வழியில் அவன் ஆட்டமும் குறையவில்லை, கட்டுவதில் கை தேர்ந்தவர்களின் ஆட்டமும் குறையவில்லை. கவனிக்க வேண்டியது இதுதான்: கட்டுமானத்தை எடுத்தது ஆட்டத்தை எளிதாக்கவில்லை. மறைவிடம் தேடுவது, மேட்டைப் பிடிப்பது, ஓட வேண்டிய நேரத்தில் ஓடுவது ஆகிய பழைய திறமைகள் திடீரென்று விலை கூடின. ஒரு விதியை எடுத்தால் அதன் நிழலில் இருந்த விதிகள் வெளிச்சத்துக்கு வந்துவிடுகின்றன.

மைன்கிராஃப்ட் இதே வழியை வேறுவிதமாகக் காட்டுகிறது. கணினிக்கான ஜாவா பதிப்பில், 2016 பிப்ரவரி 29 அன்று வந்த 1.9 பதிப்பு சண்டையில் ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு சிறிது இடைவெளி விட வேண்டும் என்று விதித்தது. அதுவரை மவுஸை எவ்வளவு வேகமாக அழுத்த முடிகிறதோ அவ்வளவு வெட்டு; அதன்பின் காத்திருந்து முழு வலுவோடு விழும் வெட்டுக்கே மதிப்பு. விறகு வெட்டுபவர் கண்ணோடு பார்த்தால் இரண்டாவதுதான் இயல்பு. ஆனால் ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகியவர்களுக்கு வேகமே கலையாக இருந்தது. நிறுவனம் பழைய பதிப்புகளைத் திறக்கும் வழியை ஆட்டத்திலேயே விட்டு வைத்திருந்ததால், அவர்கள் 1.8 பதிப்பின் சண்டையோடு தனி சர்வர்களில் தங்கிவிட்டார்கள். போனில் ஆடும் பெட்ராக் பதிப்புக்கோ அந்த இடைவெளி வரவே இல்லை என்பதால், பொள்ளாச்சிப் பக்கம் போனில் ஆடி வளர்ந்த பிள்ளைகளிடம் இந்தச் சண்டையைப் பற்றிச் சொன்னால் எதற்காக இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று விழிக்கிறார்கள்.

இந்த வழிக்கும் விலை உண்டு. முறைகள் பெருகப் பெருக ஆடுபவர்கள் பிரிந்து போகிறார்கள். ஆள் குறைந்த முறையில் எதிராளி கிடைக்க நேரமாகும், கிடைப்பவரும் தரத்தில் ஒத்தவராக இருப்பது அரிது. கோயில் திண்ணைக் கல்லில் கோடு கீறி ஆடும் ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு என்பது பொதுவான கணக்கு என்றாலும், சின்னச் சின்ன விதிகள் ஊருக்கு ஊர் வேறாக இருப்பதுண்டு; வெளியூர்க்காரர் வந்தால் முதல் காயை வைக்கும் முன்பே பேசி முடித்துவிடுவார்கள். அங்கே இருவர் ஒத்துக்கொண்டால் போதும். ஃபோர்ட்நைட் போன்ற இணைய ஆட்டத்தில் நூறு பேர் சேர்ந்தால்தான் ஒரு களம் நிரம்பும். ஆகவே பக்கத்தில் வைப்பது பெருங்கூட்டம் உள்ள ஆட்டங்களுக்கே கட்டுப்படியாகிற சொகுசு.

மூன்றாவது வழியில் எனக்கு மிகவும் பிடித்த கதை ரூன்ஸ்கேப் என்ற இணைய ஆட்டத்தினுடையது. 2012 நவம்பரில் அதன் சண்டை முறையை முழுவதுமாக மாற்றினார்கள். கூட்டம் முகம் சுளித்தது. நிறுவனத்திடம் 2007 ஆகஸ்ட் மாதத்துப் பிரதி ஒன்று பத்திரமாக இருந்ததால், ஆடுபவர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2013 பிப்ரவரியில் அதை ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்று தனி ஆட்டமாகத் திறந்தார்கள். அதோடு நின்றிருந்தால் அது அருங்காட்சியகமாகப் போயிருக்கும். இனி எந்தப் புதிய அம்சமும் வாக்கெடுப்பில் 75 விழுக்காடு ஆதரவு பெற்றால்தான் வரும் என்று விதி வைத்தார்கள். பின்னாளில் அது 70 ஆனது. ஊர்க்கூட்டம் போட்டு முடிவெடுப்பதைப் போன்ற இந்த ஏற்பாட்டில் மாற்றம் மெதுவாக வருகிறது, வந்தால் வேர் பிடிக்கிறது. எது வந்தாலும் தங்களைக் கேட்டு வந்தது என்ற நிறைவு, விதியின் நன்மை தீமையைத் தாண்டிய ஓர் அனுபவம்.

2004-இல் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய ஆட்டம் 2019 ஆகஸ்டில் தன் 2006-ஆம் வருடத்து வடிவத்தைக் கிளாசிக் என்று மீட்டுத் தந்தபோது வேறொரு பாடம் கிடைத்தது. ஆட்டம் பழையது, ஆடுபவர்கள் பழையவர்கள் அல்லர். 2004-இல் குகைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2019-இல் எந்த மூலையில் எதை அடித்தால் என்ன கிடைக்கும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். விதியைத் திருப்பித் தர முடிந்தது, அறியாமையைத் திருப்பித் தர முடியவில்லை. ஃபோர்ட்நைட் 2023 நவம்பரில் தன் பழைய தீவைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஒரே நாளில் 4 கோடியே 47 லட்சம் பேர் வந்ததாக நிறுவனம் அறிவித்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு மீட்டெடுப்பே சிறந்த வழி என்று முடிவு கட்டுபவர்கள், திருவிழாக் கூட்டத்தைத் தினசரிச் சந்தைக் கூட்டமாக எண்ணுகிறார்கள்.

மூன்றையும் வரிசைப்படுத்தச் சொன்னால், எதிரெதிரே மனிதர்கள் ஆடும், ஆள் பலம் உள்ள ஆட்டத்துக்குப் பக்கத்தில் வைப்பதையே முதலில் வைப்பேன். ரூன்ஸ்கேப் போல வாக்கெடுப்போடு கூடிய மீட்டெடுப்பு அடுத்தது. மாற்றீடு, தனியாக ஆடும் ஆட்டத்துக்கும் ஏற்கெனவே நொடித்துப்போன ஆட்டத்துக்கும் மட்டும்.

இந்த அளவுகோலைத் தலைகீழாகச் சோதிக்க நம்மிடமே ஒரு நிகழ்வு இருக்கிறது. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2 அன்று இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் மீண்டும் மறைந்து 2023 மே மாதத்தில் திரும்பியது. பெயர் மாறியது, இரத்தத்தின் நிறம் பச்சையானது, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம் என்ற வரம்பு வந்தது, 2023-இல் திரும்பியபோது பெரியவர்களுக்கும் 6 மணி நேரம் என்றானது. ஆட்டத்தைச் சுற்றி இருந்த இவ்வளவும் மாறின, ஆட்டமுறை மாறவில்லை. பத்து மாத இடைவெளிக்குப் பின் அக்கா மகன் அதைத் திறந்து, எராங்கெல் என்ற அதன் பழைய தீவில் குதித்தபோது அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தீவின் போச்சிங்கி ஊரில் இறங்கி, எந்த வீட்டுக்குள் எந்தச் சன்னல் வழியாக நுழைவது என்று ஒரு நொடியும் யோசிக்காமல் போனான். துப்பாக்கி கிடைத்த கையோடு, "இந்தப் பச்சை ரத்தந்தான் கண்ணுக்கு ஒட்டலீங் மாமா" என்று மட்டும் சொன்னான்.