காசு கட்டிப் போடும் மின்னிதழா, காத்திருந்து போடும் சட்ட இதழா?

"அக்கா, பேப்பர் ஒண்ணு எழுதி வச்சிருக்கேன், எங்க அனுப்பட்டும்?" பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு இன்டர்ன்ஷிப் வருகிற சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் மாதம் ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதியே வைக்கிறேன்.

நான் இரண்டு வழியிலும் போனவள். மூன்றாம் ஆண்டில் ஒரு கட்டுரையைப் பணம் கட்டி மின்னிதழ் ஒன்றில் போட்டேன். ஐந்தாம் ஆண்டில் இன்னொரு கட்டுரையைத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர்களே ஆசிரியர் குழுவாக இருந்து நடத்தும் இதழுக்கு அனுப்பிப் பதினொரு மாதம் காத்திருந்தேன். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. வாட்ஸப் குழுவில் அழைப்பு வரும்: ஏழு நாளில் வெளியீடு, ஐஎஸ்எஸ்என் உண்டு, இம்பாக்ட் ஃபேக்டர் உண்டு, இ-சான்றிதழ் உண்டு. நான் 1,500 ரூபாய் ஜிபே செய்தேன். நான்காம் நாள் கட்டுரை இணையத்தில் ஏறிவிட்டது, சான்றிதழும் வந்துவிட்டது. அவசரத்தில் ஒரே பத்தியை இரண்டு இடத்தில் ஒட்டியிருந்தேன். அதுவும் அப்படியே இரண்டு முறை அச்சாகியிருந்தது. 'நிபுணர் மதிப்பாய்வு செய்யப்பட்டது' என்று சான்றிதழில் பொன்னிற எழுத்தில் போட்டிருந்த அதே கட்டுரைதான்.

அந்த அழைப்பில் வருகிற சொற்களுக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று தெரிந்தால் பாதிப் பேர் பணம் கட்ட மாட்டார்கள். ஐஎஸ்எஸ்என் என்பது தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண், அவ்வளவுதான். வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பதால் ஓட்டுநருக்கு ஓட்டத் தெரியும் என்று ஆகிவிடாதல்லவா? ஜர்னல் இம்பாக்ட் ஃபேக்டர் என்று முறையாகச் சொல்லப்படுவது, ஓர் இதழின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கிளாரிவேட் நிறுவனம் கணக்கிட்டு வெளியிடும் எண். கேள்விப்படாத ஒரு தளம் '6.8' என்று கொடுத்திருந்தால் அதற்கு மதிப்பு கிடையாது. 'யுஜிசி கேர் பட்டியலில் உள்ளது' என்று இன்னும் விளம்பரம் செய்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, நல்ல இதழ்கள் இவை என்று 2018ல் அறிவித்த அந்தப் பட்டியலை அதுவே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இதழின் தரத்தை எதை வைத்துப் பார்க்கலாம் என்று சில அளவுகோல்களை மட்டும் பரிந்துரைத்திருக்கிறது. பார்க்கிற வேலை இப்போது நம் தலையில்.

இரண்டாவது வழியில் பணம் கிடையாது. அதற்குப் பதில் பொறுமை வேண்டும். எழுதியவர் யாரென்று படிப்பவருக்கும், படிப்பவர் யாரென்று எழுதியவருக்கும் தெரியாமல் மதிப்பாய்வு நடக்கும். கோப்பில் எங்கேயும் உங்கள் பெயரோ கல்லூரிப் பெயரோ இருக்கக் கூடாது. அடிக்குறிப்பை ப்ளூபுக் முறையிலோ ஆஸ்கோலா முறையிலோ, அந்த இதழ் எதைக் கேட்கிறதோ அதில்தான் எழுத வேண்டும். சில இதழ்கள் ஒரே நேரத்தில் வேறு இடத்துக்கும் அனுப்பலாம் என்பார்கள், சில கூடவே கூடாது என்பார்கள். அனுப்பும் முன் அந்த ஒரு வரியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

என் கட்டுரை பீடிச் சட்டம் பற்றியது. அம்மா முக்கூடலில் முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். மடியில் தட்டு, அதில் இலை, தூள், நூல், கத்தரி. சுற்றிக் கட்டிக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால், சரியில்லை என்று ஒரு பங்கைக் கழித்துத் தனியே போடுவார்கள். கழித்ததற்குக் கூலி இல்லை. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தில் வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களும் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வந்தார்கள். அப்படியிருந்தும் இந்தக் கழிவுக்கு ஏன் யாரும் வழக்குப் போடுவதில்லை என்பதுதான் என் கேள்வி. அம்மா, பெரியம்மா, தெருவில் ஏழு பேர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு எழுதினேன்.

முதலில் அனுப்பிய இதழ் இரண்டே வரியில் மறுத்துவிட்டது. இரண்டாவது இதழிலிருந்து ஆனித் தேரோட்ட வாரத்தில் மெயில் வந்தது. நான்கு பக்கம் குறிப்பு. அதில் ஒன்று இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. பீடியைக் கழித்ததற்கான தகராறைத் தொழில் தகராறுச் சட்டத்தின்படிதான் கொண்டுபோக வேண்டும் என்று எழுதியிருந்தேன். '39(2)ஐப் பாருங்கள்' என்று மட்டும் குறித்திருந்தார்கள். பீடிச் சட்டத்தின் 39ஆம் பிரிவை எடுத்துப் பார்த்தால், மூலப்பொருள் கொடுப்பது, பீடியைக் கழிப்பது, கழித்ததற்கான கூலி ஆகிய மூன்று தகராறுகளையும் மாநில அரசு விதியில் சொல்லும் அதிகாரியே சுருக்க முறையில் தீர்க்க வேண்டும் என்று அந்த உட்பிரிவு தனியாகவே சொல்லியிருந்தது. என் கட்டுரையின் நடுத்தூணே அங்கேதான் இருந்தது, நான் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 1974ஆம் ஆண்டு மங்களூர் கணேஷ் பீடி தீர்ப்பை வெறும் பெயரோடு விட்டிருந்தேன், 'எத்தனையாவது பக்கம்?' என்று கேட்டிருந்தார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து பாதிக் கட்டுரையைப் புதிதாக எழுதினேன். எனக்கு முன்பின் தெரியாத இரண்டு பேர் என் எழுத்தை வரி வரியாகப் படித்திருக்கிறார்கள் என்பதே அப்போது பெரிய விஷயமாக இருந்தது.

ஆனாலும் நான் இந்தப் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் மதிப்பாய்வு இல்லை. வெளியான கட்டுரை ஐந்து வருஷம் கழித்து எங்கே இருக்கும் என்பதுதான்.

படிப்பு முடிந்து ஓர் ஆய்வு உதவியாளர் வேலைக்கு நேர்காணல் போயிருந்தேன். தகவல் குறிப்பில் இரண்டு கட்டுரைகளின் லிங்கும் போட்டிருந்தேன். நேர்காணல் எடுத்த அம்மையார் என் கண் முன்னாலேயே முதல் லிங்கைத் தட்டினார். 'இந்த முகவரி விற்பனைக்கு' என்ற பக்கம் திறந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பணம் கட்டிய மின்னிதழ் இரண்டே வருஷத்தில் கடையை மூடியிருந்தது. மெயில் போட்டால் திரும்பி வந்தது, போனில் அந்த எண் உபயோகத்தில் இல்லை. சான்றிதழ் என் கையில் பத்திரமாக இருக்கிறது. அது எந்தக் கட்டுரைக்குச் சான்றோ அதை உலகத்தில் யாரும் படிக்க முடியாது.

சரி, அந்தக் கட்டுரையை எடுத்து வேறு இதழுக்கு அனுப்பலாமே என்றால், அதற்கும் வழியில்லை. ஏற்கெனவே வெளிவராத கட்டுரையாக இருக்க வேண்டும் என்பது நல்ல இதழ்கள் எல்லாவற்றுக்கும் பொது விதி. தளம் செத்துப்போனாலும் கட்டுரை வெளியானது வெளியானதுதான். அதற்கு மேல், நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட படிவத்தில் பதிப்புரிமையை முழுக்க அவர்களுக்கே மாற்றிக் கொடுத்திருந்தேன். கிரயம் பண்ணிக் கொடுத்த நிலத்தில் போய் யாரும் உழ முடியுமா? சட்டம் படிக்கிற நாமே பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. உரிமை எழுதியவரிடமே இருந்து இதழுக்கு வெளியிடும் அனுமதி மட்டும் கொடுக்கிற ஏற்பாடு, குத்தகை மாதிரி. கிடைத்தால் அதையே கேளுங்கள்.

அனுப்பும் முன் கால் மணி நேரம் செலவழித்தால் இதைத் தவிர்க்கலாம். இதழின் கடைசி வெளியீட்டைப் பார்க்காதீர்கள், முதல் வெளியீட்டைத் தேடுங்கள். தொகுதி 1, எண் 1 இன்றைக்கும் திறக்கிறதா? அதில் மூன்று கட்டுரைகளைத் தட்டுங்கள், பிடிஎஃப் வருகிறதா பாருங்கள். நடுவில் வருஷங்கள் விட்டுப்போயிருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். அப்புறம் ஹைன்ஆன்லைன், எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா போன்ற வேறொருவர் களஞ்சியத்தில் அந்த இதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நாளைக்கு இதழின் தளமே போனாலும் கட்டுரைக்கு இன்னொரு வீடு உண்டு. ஐஎஸ்எஸ்என் எண்ணை அதற்கான போர்ட்டலில் அடித்து, வருகிற பெயரும் இதழின் பெயரும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். கொல்கத்தா தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் என்யூஜேஎஸ் லா ரிவ்யூ 2008ல் தொடங்கியது, கட்டுரைகளைத் தன் தளத்திலேயே எல்லோரும் படிக்க வைத்திருக்கிறது. இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வாட்ஸப் அழைப்பைப் பார்த்தால் வித்தியாசம் தானாகத் தெரியும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் ஆசிரியர்களாக இருக்கிற இதழ்கள், உதாரணமாக 1958 முதல் வருகிற இந்தியச் சட்ட நிறுவனத்தின் இதழ், பெயருக்கு இன்னும் கனமானவை. அங்கே போட்டி ஆய்வாளர்களோடு. நான் அங்கே அனுப்பியதில்லை. வெளிநாட்டு இதழுக்கும் அனுப்பியதில்லை, அதனால் அந்தப் பக்கம் என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். தொகுப்பு நூலில் ஓர் அத்தியாயம் என்று கேட்டு வருவதிலும் பாதி, பணம் வாங்குகிற வேலைதான். நல்ல பதிப்பகமாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். போன வாரம் வந்த தீர்ப்பைப் பற்றி ஆயிரம், ஆயிரத்தைந்நூறு சொற்களில் சொல்ல வேண்டும் என்றால் சட்ட வலைப்பூக்களுக்கு அனுப்புங்கள். பதில் சீக்கிரம் வரும், பலர் படிப்பார்கள், எழுத்தும் பழகும். இன்டர்ன்ஷிப்புக்கு உடனே காட்ட ஏதாவது வேண்டும் என்கிறவர்களுக்கு, பணம் கட்டுவதற்குப் பதில் நான் சொல்வது இதைத்தான்.

"நாம தமிழ் மீடியம், நம்ம இங்கிலீஷை அவங்க எடுப்பாங்களா?" என்ற பயம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதிகம். எனக்கும் இருந்தது. முக்கூடலில் பத்தாவது வரை தமிழில் படித்தவள் நான். குறிப்புகளில் என் ஆங்கிலத்தைத் திருத்தியிருந்தார்கள், ஆனால் அதற்காகக் கட்டுரையைத் தள்ளவில்லை. வாக்கியத்தைச் சின்னதாக எழுதினேன், ஒவ்வொரு பத்தியிலும் ஒரே விஷயம் வைத்தேன். இன்னொன்றும் உண்டு: பீடித்தட்டும் கழிவும் பற்றி டெல்லியிலோ பெங்களூரிலோ இருக்கிற மாணவருக்குத் தெரிய வாய்ப்பு குறைவு. தாமிரபரணித் தண்ணீர், தேரிக்காடு, உப்பளம், பீடி என்று நம் ஊரைச் சுற்றிச் சட்டக் கேள்விகள் கிடக்கின்றன. கட்டணச் சந்தா இல்லையே என்றும் தயங்க வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் இணையத் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்சிஆர் 2023 ஜனவரியிலிருந்து இலவசம், தீர்ப்புகளைத் தேடித் தரும் இந்தியன் கானூன் தளமும் இலவசம். என் கட்டுரைக்கான தீர்ப்புகள் முழுவதையும் இலவசமாகத்தான் எடுத்தேன்.

கட்டுரை அச்சில் வந்த பிரதியைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தபோது, "ஏட்டி, இதுல நான் சொன்னது எங்க இருக்கு?" என்று கேட்டாள். கழிவு பற்றிய பக்கத்தைத் திறந்து தமிழில் சொன்னேன். "கடைக்காரனுக்கு இது தெரியுமா?" என்றாள். அந்தக் கேள்வியை வைத்து இப்போது விதிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் தொலைத்த கட்டுரை தாமிரபரணியில் மணல் அள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2010ல் ஐந்து வருஷத் தடை போட்டது பற்றியது. நல்லகண்ணு ஐயா நேரில் நின்று வாதாடிய வழக்கு அது. அதைப் பழையபடி எங்கும் போட முடியாது. தடை முடிந்த பிறகு ஆற்றில் என்ன நடந்தது என்று புதுக் கேள்வி ஒன்றை எடுத்து முதலிலிருந்து எழுதுகிறேன். இதுவரை இருபது பக்கம் ஆகியிருக்கிறது. அனுப்பப் போகிற இதழின் தொகுதி 1, எண் 1ஐப் போன ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தேன், எல்லாக் கட்டுரையும் இருக்கிறது.