வாய்விட்டுச் சொல்ல முடிகிற ரகசியம்: ஓடிபி, செயலி எண், பாஸ்கீ, பாதுகாப்புச் சாவி ஓர் ஒப்பீடு

கடவுச்சொல் மட்டும் போதாது, அதற்கு மேல் இன்னொரு பூட்டும் வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. அந்த இன்னொரு பூட்டு எது என்பதற்குத்தான் நான்கு விடைகள் இருக்கின்றன: குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி, ஆத்தென்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்க எண், கைப்பேசிக்குள்ளேயே இருந்துகொண்டு பல இடங்களில் கடவுச்சொல்லின் இடத்தையும் எடுத்துக்கொள்ளும் பாஸ்கீ, சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளும் யூபிகீ போன்ற பாதுகாப்புச் சாவி. நான்கையும் இரண்டடுக்குப் பாதுகாப்பு என்ற ஒரே பெயரில் அழைத்துப் பழகிவிட்டதால், எதை வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அந்த எண்ணம் தவறு. ஒவ்வொன்றையும் எடைபோட நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பூட்டைத் திறக்கும் ரகசியத்தை ஒரு மனிதரால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? முடியும் என்றால், பேச்சில் வல்ல ஒருவரால் அதைக் கேட்டு வாங்கவும் முடியும்.

குறுஞ்செய்தி ஓடிபியில் அது எப்படி நடக்கிறது என்பதை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். மதுரையில் அத்தை வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. "பேங்க்ல இருந்து சார் பேசுறாருப்பா, நம்பர் கேக்குறாரு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, நான்கு எண்களைச் சொல்லிவிட்டார். ஐந்தாவதற்குள் நான் கைப்பேசியை வாங்கி அணைத்தேன். பிறகு அந்தக் குறுஞ்செய்தியைப் படித்துப் பார்த்தேன்: எண் முதல் வரியிலேயே இருந்தது, யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கை கடைசியில், அத்தைக்குப் படிக்கத் தெரியாத ஆங்கிலத்தில் இருந்தது. முப்பது ஆண்டுகள் மளிகைக் கடைக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதியவர் அவர். அவரிடம் அறிவுக் குறைவு எதுவும் இல்லை. சொல்லக்கூடிய ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, சொல்லாதே என்று மட்டும் எதிர்பார்க்கிற ஏற்பாட்டில்தான் குறை இருக்கிறது.

கேட்டு வாங்காமலேயே ஓடிபியைத் திருடும் வழிகளும் உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனத்தை ஏமாற்றி ஒருவருடைய எண்ணை வேறொரு சிம் அட்டைக்கு மாற்றிக்கொண்டால், செய்திகள் எல்லாம் திருடனுக்கே போய்ச் சேரும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜாக் டோர்சியின் சொந்த ட்விட்டர் கணக்கே அவருடைய தொலைபேசி எண் வழியாகக் கைப்பற்றப்பட்டது. 2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் எக்ஸ் கணக்கில், பிட்காயினில் முதலிடும் பங்குச் சந்தை நிதிகளுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாக ஒரு பொய்ச் செய்தி வெளியாகிச் சந்தையை அசைத்தது. அதுவும் சிம் மாற்று மோசடிதான். கூடுதல் சரிபார்ப்பை அந்த ஆணையம் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தி வைத்திருந்ததால், எண்ணைப் பிடித்தவர் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். 2017-இல் ஜெர்மனியில், தொலைபேசி நிறுவனங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற பழைய நெறிமுறையின் ஓட்டையைப் பயன்படுத்தி, வங்கிக் குறுஞ்செய்திகளைத் திசைதிருப்பிப் பணம் எடுத்தார்கள்.

இருந்தாலும் ஓடிபியை ஒரேயடியாகத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரிசர்வ் வங்கி 2009-இல் இணைய வழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியதும், அது பின்னர் பெரும்பாலும் ஓடிபியாக நிலைபெற்றதும், அட்டை எண்ணை மட்டும் திருடி வைத்திருந்தவர்களின் கையைக் கட்டிப்போட்டன. இணைய இணைப்பே இல்லாத பொத்தான் கைப்பேசியிலும் ஓடிபி வரும். மற்ற மூன்றில் எதுவும் அந்த மனிதர்களுக்கு எட்டுவதில்லை. ஆனால் அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. வங்கிக் கணக்குக்குள் நுழைவதற்கு, டிஜிட்டல் டோக்கன் (கைப்பேசியிலேயே இருந்து ஆளை உறுதிசெய்யும் வங்கி வசதி) வைத்திருப்பவர்கள் ஓடிபியைப் பயன்படுத்துவது படிப்படியாக நிறுத்தப்படும் என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் 2024 ஜூலையில் அறிவித்தது. குறுஞ்செய்தி ஓடிபியைத் தவிர்த்த பிற வழிகளுக்கும் இடம் கொடுக்கும் நெறிமுறைகளை ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டது. அவை நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1.

ஆத்தென்டிகேட்டர் செயலி ஒரு படி மேலானது. அமைக்கும்போதே தளமும் செயலியும் ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த ரகசியத்தையும் கடிகார நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு முப்பது நொடிக்கு ஓர் எண்ணைச் செயலி காட்டுகிறது. எண் தொலைபேசி வலையமைப்பு வழியாக வருவதே இல்லை என்பதால் சிம் மாற்று மோசடி இங்கே பலிக்காது. ஆனால் என் கேள்விக்கு இதுவும் தோற்கிறது. எண் கண்ணுக்குத் தெரிகிறது, எனவே அதை வாயால் சொல்லலாம், போலித் தளத்தில் தட்டவும் செய்யலாம். போலித் தளம் அதை வாங்கிய அதே நொடியில் உண்மைத் தளத்தில் போட்டுவிடும். முப்பது நொடி என்பது இயந்திரத்துக்குத் தாராளமான அவகாசம்.

2023 ஆகஸ்டில் ரிடூல் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்துக்கு நேர்ந்ததைச் செயற்கை நுண்ணறிவுக் காலத்துக்கான எச்சரிக்கையாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். குறுஞ்செய்தியில் வந்த போலி இணைப்பில் ஓர் ஊழியர் தன் விவரங்களைத் தட்டினார். அடுத்து அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவரின் குரல், அவருடன் பணியாற்றும் தொழில்நுட்பப் பிரிவு ஊழியர் ஒருவருடைய குரலைப் போலச் செயற்கையாக உருவாக்கப்பட்டிருந்தது என்று நிறுவனமே பின்னர் சொன்னது. உரையாடலின் நடுவே சந்தேகம் எழுந்தும் அவர் இன்னோர் எண்ணைச் சொல்லிவிட்டார். அதைக் கொண்டு திருடர்கள் தங்கள் கருவியையே அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். கூகுள் ஆத்தென்டிகேட்டர் அதே ஆண்டு ஏப்ரலில் எண்களை இணையத்திலுள்ள கூகுள் கணக்கிலும் சேமிக்கும் வசதியைத் தந்திருந்ததால், கூகுள் கணக்கு பிடிபட்டதும் அதிலிருந்த மற்ற எண்களும் சேர்ந்தே போயின. ரிடூலின் வாடிக்கையாளர்களில் 27 பேரின் கணக்குகள் பாதிக்கப்பட்டன. குரலை வைத்து ஆளை நம்பும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது; அந்தக் குரலையே வார்த்தெடுக்க முடிகிற நாளில், சொல்லக்கூடிய ரகசியத்தின் மீது நம் பாதுகாப்பைக் கட்டுவது எனக்கு அச்சம் தருகிறது.

பாஸ்கீயும் பாதுகாப்புச் சாவியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் ஒரு சோடித் திறவுகள் உருவாகின்றன: ரகசியத் திறவு உங்கள் பக்கம் இருக்கிறது, பொதுத் திறவு தளத்திடம் போகிறது. உள்நுழையும்போது தளம் ஒரு புதிரை அனுப்பும். கருவி அதில் கையொப்பமிட்டுத் திருப்பும். அந்தக் கையொப்பம் தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டது. எழுத்து ஒன்று மாறிய போலி முகவரியில் நம் கண் ஏமாறலாம், உலாவி ஏமாறாது. அங்கே அந்தத் திறவு எழும்பவே எழும்பாது. தளத்தின் தரவுத்தளத்தையே கொள்ளையடித்தாலும் கிடைப்பது பொதுத் திறவு மட்டும்தான்.

இந்த வேறுபாட்டுக்கு 2022-ஆம் ஆண்டு கோடையில் கிடைத்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஒரே வகையான தாக்குதல் ட்விலியோ, கிளவுட்ஃபிளேர் ஆகிய இரு அமெரிக்க இணையச் சேவை நிறுவனங்களின் ஊழியர்கள் மீதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தது. இரண்டிலும் ஊழியர்களின் கைப்பேசிக்குப் போலி உள்நுழைவு இணைப்பு வந்தது. இரண்டிலும் சிலர் நம்பித் தங்கள் விவரங்களைத் தட்டினார்கள். கிளவுட்ஃபிளேரில் அப்படித் தட்டியவர்கள் மூன்று பேர். ட்விலியோவில் திருடர்கள் உள்ளே போனார்கள். அந்நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்திய சிக்னல் செயலியின் ஏறத்தாழ 1,900 பயனர்களையும் அது தொட்டது. கிளவுட்ஃபிளேரில் கடவுச்சொல் கையில் இருந்தும் திருடர்களால் நுழைய முடியவில்லை, ஏனென்றால் ஊழியர் ஒவ்வொருவரிடமும் பாதுகாப்புச் சாவி இருந்தது. போலித் தளம் கேட்ட எண்ணை அவர்களால் தர விரும்பியிருந்தாலும் தந்திருக்க முடியாது. 85,000-க்கும் மேற்பட்ட தன் ஊழியர்களுக்கு இத்தகைய சாவிகளைக் கட்டாயமாக்கிய பின் இப்படிப் போலித் தளம் காட்டி விவரம் பறிக்கும் தூண்டில் மோசடியில் (ஃபிஷிங்) ஒரு பணிக் கணக்கும் பறிபோனதாக உறுதியாகவில்லை என்று கூகுள் 2018-இல் சொன்னதும் இதோடு பொருந்துகிறது.

அப்படியானால் எல்லோரும் சாவி வாங்க வேண்டுமா? பத்திரிகையாளர்கள், சேவையகங்களை நிர்வகிப்பவர்கள், பெருந்தொகையைக் கையாள்பவர்கள் வாங்க வேண்டும் என்றே சொல்வேன். ஒன்று தொலைந்தால் வெளியே நிற்க நேரும் என்பதால் இரண்டாக வாங்க வேண்டும். அதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். 2024 செப்டம்பரில் யூபிகீ 5 வரிசையின் பழைய சாவிகளை நகலெடுக்கும் வழி ஒன்று வெளிவந்து பரபரப்பானது. சாவியைக் கைப்பற்றி, அதைப் பிரித்து, விலை உயர்ந்த கருவிகளோடு உட்கார வேண்டிய வேலை அது. வீட்டிலிருக்கும் நம்மில் பெரும்பாலோர் அதற்காகத் தூக்கம் இழக்க வேண்டியதில்லை.

மற்றவர்களுக்குப் பாஸ்கீயே என் தேர்வு. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022 மே மாதம் இதற்கு ஒருமித்து ஆதரவு அறிவித்தன. கூகுள் கணக்குகளில் 2023 மே முதல் இது கிடைக்கிறது. ஆனால் இதன் குறைகளையும் தெரிந்துகொண்டுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறுபவருக்கு இடமாற்றம் இன்னும் இலகுவாக இல்லை. நம் வீடுகளில் ஒரே கைப்பேசியை நான்கு பேர் எடுக்கிறார்கள், பேரப்பிள்ளையின் கைரேகையும் அதில் பதிந்திருக்கும். கைப்பேசியைத் திறக்க முடிந்தவர் பாஸ்கீயையும் திறந்துவிடுவார். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, பாஸ்கீயை வைத்த பிறகும் பல தளங்கள் மறந்துவிட்டேன் என்ற பொத்தானுக்குப் பின்னால் பழைய குறுஞ்செய்தி வழியைத் திறந்தே வைத்திருப்பதுதான். முன்கதவுக்கு நல்ல பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவை ஒருக்களித்து வைத்த கதை அது. பாஸ்கீ அமைத்த கையோடு, மீட்பு வழிகளின் பட்டியலைத் திறந்து பார்த்து, தளம் அனுமதித்தால் தொலைபேசி எண்ணை அதிலிருந்து நீக்கிவிடுங்கள். காகிதத்தில் எழுதும் மீட்புக் குறியீடுகளை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கணக்குகளின் கடவுச்சொல் மாற்றமெல்லாம் மின்னஞ்சலுக்கே வருவதால், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அத்தைக்கும் அப்படியே செய்தேன். வங்கிக்கு இப்போதும் குறுஞ்செய்திதான். அதை மாற்ற என்னால் இயலவில்லை. மின்னஞ்சலுக்குப் பாஸ்கீ வைத்து, வேறு யாருடைய கைரேகையும் கைப்பேசியில் இல்லாதபடி நீக்கி, மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி ரேஷன் அட்டையோடு பீரோவில் வைத்தோம். முதல் முறை அவரே கட்டைவிரலை வைத்தார், மின்னஞ்சல் பெட்டி திறந்தது. திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "நம்பர் ஒண்ணும் வரலையேப்பா?" என்று கேட்டார்.

"வராது அத்தை" என்றேன்.