ஃபில்டர் மாற்றியதாகப் பில், வண்டியில் இருப்பதோ பழைய ஃபில்டர்

மதுரையில் ஆயில் சர்வீஸுக்கு வெளிப் பட்டறையில் கார் விடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். பைபாஸ் ரோடு பக்கம் உள்ள ஒரு பட்டறையில் எங்கள் ஸ்விஃப்ட் பெட்ரோல் காரை விட்டோம். ஃபுல் சிந்தெடிக் ஆயில், ஆயில் ஃபில்டர் 450 ரூபாய், ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் வாஷர், லேபர் என்று வரிசையாக எழுதி 4,300 ரூபாய் வாங்கினார்கள். அதில் ஃபில்டரையும் வாஷரையும் அவர்கள் மாற்றவே இல்லை. இவ்வளவு உறுதியாகச் சொல்லக் கையில் ஆதாரம் இருக்கிறது.

எங்கள் மாமா திருமங்கலத்தில் பல வருடம் டாக்சி ஓட்டியவர். வீட்டு வண்டிக்கு ஆயில் மாற்றுவது அவர்தான். புது ஃபில்டரைப் பொருத்தும் முன் அதன் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் வெள்ளை மார்க்கரில் எழுதிவிடுவார். முழங்கால் வலியால் அவரால் கீழே படுத்து எழ முடியவில்லை, அதனால்தான் இந்த முறை பட்டறை. வண்டி வந்த கொஞ்ச நாளில் வாசல் சிமெண்டில் கறுப்பாகச் சொட்டு விழ ஆரம்பித்தது. “மாப்ள, வண்டிய ரேம்ப்புல ஏத்து, அடியில பாத்துருவோம்” என்றார் மாமா. நான் டார்ச்சோடு உள்ளே போனேன். ஃபில்டரில் தூசிக்கு அடியில் மாமாவின் கையெழுத்து, போன சர்வீஸ் தேதி, பழைய கிலோமீட்டர் எல்லாம் அப்படியே இருந்தன.

சொட்டு வந்தது டிரெயின் போல்ட்டிலிருந்து. பழைய வாஷரையே மறுபடி போட்டு, கசிவை அடக்க போல்ட்டை வெறித்தனமாக இறுக்கியிருக்கிறார்கள். போல்ட் தலையின் முனைகள் மழுங்கிவிட்டன. இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தால் மரை போய், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பையே மாற்ற வேண்டி வந்திருக்கும். சில ரூபாய் வாஷரை மிச்சம் பிடிக்கிறார்கள், அடுத்தவன் வண்டியில் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிறார்கள்.

ஃபில்டர்தானே, ஒரு தடவை விட்டால் என்ன என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதம் அழுக்கால் அடைத்துக்கொண்டால், எஞ்சினுக்கு ஆயில் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்பதற்காக பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். அப்போது வடிகட்டாத ஆயில், துகள்களோடு நேராக பேரிங்குகளுக்குப் போகும். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. இன்னொன்று, வண்டி நிற்கும்போது ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வும் ஃபில்டருக்குள்ளேதான் இருக்கிறது. ரப்பர் பழசாகி விறைத்துவிட்டால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறும்வரை எஞ்சின் கடகடக்கும். இந்த ஏமாற்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். ஆயிலையாவது டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கலாம். ஃபில்டரை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

ஃபோட்டோவோடு பட்டறைக்குப் போனேன். “பையன் மறந்திருப்பான் தம்பி, இந்தா” என்று ஒரு ஃபில்டரை எடுத்து நீட்டினார் முதலாளி. “அண்ணே, மறந்த ஃபில்டருக்கு எப்படிப் பில் போட்டீங்க?” என்று கேட்டேன். பேச்சு மாறியது. பழைய ஃபில்டரைப் பொருத்தியது நாங்களாகவே இருக்கலாம் என்றார். ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேட்டதற்கு, நான் வைத்திருப்பது வெறும் எஸ்டிமேட் தாள்தான் என்று சொல்லிவிட்டார். அவர் நீட்டிய ஃபில்டரை நான் வாங்கவில்லை. வேறு கடையில் கம்பெனி ஃபில்டரே 150 ரூபாய்க்குள் கிடைத்தது.

ஆகவே சொல்கிறேன், பட்டறையில் விட்டால் பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய ஃபில்டரையும் வாஷரையும் கையில் கேட்டு வாங்குங்கள். பட்டறைக்குப் போகும் முன்பே ஃபில்டரில் ஒரு அடையாளம் போட்டுவிடுவது இன்னும் நல்லது. ஆயில் கேனின் சீல் உங்கள் கண் முன்னால் உடைய வேண்டும். காரின் கையேட்டில் ஆயிலின் கிரேடு (கெட்டித்தன்மை) 0டபிள்யூ-20 என்று இருந்தால் அதே கிரேடைத்தான் ஊற்ற வேண்டும். பேரலில் இருந்து ஜக்கில் பிடித்து ஊற்றுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு பிடிக்கும் என்பதும் கையேட்டில் இருக்கிறது. எங்கள் வண்டிக்கு மூன்று லிட்டருக்குச் சற்று மேல், மிச்ச ஆயில் உங்கள் காசு. காலி கேனை வாங்கி ஓட்டை போட்டுவிடுங்கள், நல்ல கேன்களில்தான் போலி ஆயிலை அடைக்கிறார்கள். ஒரு விஷயம், டீசல் காரில் புது ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். நிறத்தை மட்டும் வைத்து யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம்.

நாங்கள் மறுபடி வீட்டிலேயே மாற்றிவிட்டோம். மாமா ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். எஞ்சினை லேசாகச் சூடாக்கி அணைத்துவிட்டு, ரேம்ப்பில் ஏற்றி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தோம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள், உயிர் போகும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, வளையம் உட்கார்ந்ததும் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். பழைய வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டினால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது போல்ட்டும் வாஷரும் போட்ட பிறகு வாசலில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. வடித்த ஆயிலை, சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தோம். சாக்கடையில் ஊற்றினால் அது கிருதுமால் வாய்க்காலுக்குத்தான் போய்ச் சேரும், அந்த வாய்க்கால் பட்டது போதும்.

எஸ்டிமேட் தாள், ஜிபே ரசீது, மாமாவின் எழுத்து தெரியும் ஃபோட்டோ எல்லாவற்றையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. இதேபோல் ஏமாந்தவர்கள் பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள், புகாருக்கு அதுதான் சாட்சி.