தம்பியின் தலைக்கு அளவெடுத்துச் செய்த டைட்டானியம் பிளேட்

பைக் விபத்தில் அடிபட்ட தம்பிக்கு மூளை வீக்கம் தணிவதற்காக மண்டையோட்டின் வலப்பக்க எலும்பை எடுத்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருந்தார்கள். திரும்பப் பொருத்துவதற்குள் அதில் சீழ் பிடித்துவிட்டது. கடைசியில் 3டி பிரிண்டிங்கில் செய்த டைட்டானியம் பிளேட் வைத்தோம். இதே முடிவெடுக்க முடியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்: தயங்காமல் வையுங்கள்.

சிடி ஸ்கேனில் அடிபடாத இடப்பக்கத்தைக் கம்ப்யூட்டரில் அப்படியே வலம் இடமாகத் திருப்பி வடிவம் எடுக்கிறார்கள். பிறகு டைட்டானியம் பொடியை லேசரால் உருக்கி அடுக்கடுக்காகப் பிளேட் உருவாகிறது. இதற்கு எலும்பை எடுத்த பிறகு, மெல்லிய அடுக்குகளாக எடுத்த ஸ்கேன் வேண்டும். பிலிம் உதவாது, குறுந்தகட்டில் பதிந்த ஸ்கேன் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்.

பிளேட்டோடு தம்பியின் மண்டையோட்டையும் பிளாஸ்டிக்கில் பிரிண்ட் எடுத்து வரவழைத்திருந்தார் சர்ஜன். அதை அம்மா கையில் கொடுத்தார். நெற்றியிலிருந்து காதுக்கு மேல் வரை இருந்த ஓட்டையின் விளிம்பை அம்மா விரலால் சுற்றித் தடவினார். பிளேட்டை அதன்மேல் வைத்ததும் எங்கும் தூக்காமல் கச்சிதமாக உட்கார்ந்தது. "தலைக்குள்ள இரும்பா?" என்று அழுதுகொண்டிருந்தவர் அதற்குப் பிறகுதான் சம்மதித்தார். நெதர்லாந்தில் 2011-லேயே 83 வயதுப் பாட்டி ஒருவருக்குக் கீழ்த்தாடை முழுவதையும் இப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு வராத தைரியம் இந்த மாதிரியைத் தொட்டதும் வந்தது.

எலும்பு சிமெண்டை (பிசைந்து வைத்தால் இறுகிக் கெட்டியாகும் பொருள்) ஆபரேஷன் தியேட்டரிலேயே கையால் வடிவம் பிடித்து வைக்கலாம், டைட்டானியம் வலையை வளைத்தும் வைக்கலாம். செலவு குறைவு, சின்ன ஓட்டைக்கு அதுவே போதும் என்று சர்ஜனே சொன்னார். நெற்றி எலும்பும் பக்கத்துப் பொட்டெலும்பும் சேர்ந்து போனவர்களுக்குத்தான் அளவெடுத்துச் செய்த பிளேட்டின் அருமை தெரியும். முடி வளர்ந்த பிறகு எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

குறை, விலை. இன்சூரன்ஸில் ஆபரேஷனுக்குப் பணம் வந்தது, பிளேட்டுக்குக் கைவிரித்துவிட்டார்கள். முன்அனுமதியில் இம்ப்ளான்ட் தனியாக எழுதியிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பிளேட் வரும்வரை காத்திருப்பதும் கொடுமை. எழுந்து உட்கார்ந்தால் அந்தப் பக்கம் குழிந்து தம்பிக்குத் தலை சுற்றும், வீட்டுக்குள்ளும் ஹெல்மெட்தான்.

வெயிலில் போனால் அந்த இடம் சீக்கிரம் சூடாகிறது என்கிறான், அதனால் தொப்பி போடுகிறான். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் பிளேட் இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அம்மாவின் முழங்கால் குருத்தெலும்பையும் இப்படிப் பிரிண்ட் செய்ய முடியுமா என்று சர்ஜனிடம் கேட்டேன். உயிருள்ள செல்களைக் கலந்து குருத்தெலும்பு அச்சிடுவது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்றார். யாராவது அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் கட்டாதீர்கள்.

பிளேட் வைத்தவர்கள் தையல் போட்ட இடத்தைத் தினமும் பாருங்கள். சிவந்தாலோ நீர் கசிந்தாலோ அன்றைக்கே சர்ஜனிடம் காட்டுங்கள். உலோகத்தில் கிருமி ஒட்டிக்கொண்டால் பிளேட்டையே எடுக்க வேண்டிவரும்.