பார்வை குறைந்தவர் அறையில் ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர்: நான்கு மாத அனுபவம்

கண் அழுத்த நோயால் என் தந்தைக்குப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. தொடுதிரைக் கைப்பேசி அவருக்குப் பயன்படாத பொருளாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மணி என்ன என்று அறிவதற்குக்கூட இன்னொருவரைக் கேட்க வேண்டியிருந்ததுதான் அவரை மிகவும் வருத்தியது. அதற்காகவே, குரலுக்கு இயங்கும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி அவருடைய அறையில் வைத்தேன். நான்கு மாதங்கள் அதை அவர் பயன்படுத்துவதைப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கருவியை இயங்கவைப்பது எளிது. மின்இணைப்புக் கொடுத்து, நிறுவனத்தின் செயலியைக் கைப்பேசியில் நிறுவி, கணக்கைத் தொடங்கி, வைஃபை கடவுச்சொல்லை உள்ளிட்டால் கால் மணி நேரத்தில் பேசத் தொடங்கிவிடுகிறது. பெட்டிக்குள் இருக்கும் வழிகாட்டித் தாளும் அத்துடன் முடிந்துவிடுகிறது. எங்களுக்கு வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

2014-இல் அமேசான் எக்கோவும் 2016-இல் கூகுள் ஹோமும் வந்த காலந்தொட்டு, அழைத்தது காதில் விழுந்தது என்பதை இவ்வகை ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் விளக்கொளியால்தான் தெரிவிக்கின்றன. கண் தெரியாதவருக்கு அந்த ஒளியால் என்ன பயன்? முதல் இரண்டு நாள்களும் அப்பா, கருவியை விழிக்கவைக்கும் அழைப்புச் சொல்லைச் சொல்லிவிட்டுத் தயங்குவார். கருவி விழித்துக்கொண்டதா என்று தெரியாமல் அவர் காத்திருக்க, அதுவும் காத்திருந்து ஓய்ந்துவிடும். செயலியின் அமைப்புகளில் அணுகல்வசதிப் பிரிவைத் தேடிப்பிடித்து, கேட்கத் தொடங்கும்போதும் கேட்டு முடிக்கும்போதும் சிறு மணியோசை எழுமாறு மாற்றிய பிறகே அந்தத் தடுமாற்றம் நீங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசுபவருக்குக் கூடுதல் நேரம் கொடுக்கும் வசதியும், பதிலை மெதுவாகச் சொல்லவைக்கும் வசதியும் அங்கேயே இருந்தன. முதியவர்களுக்கு மிகவும் தேவையான இந்த மூன்றையும் தொடக்கத்திலேயே கேட்டு அமைத்துத் தராமல், நான்கு அடுக்குக்குக் கீழே ஒளித்து வைத்திருப்பதை இந்தக் கருவியின் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

ஒருநாள் காலை முதல் மாலை வரை ஸ்பீக்கர் அவருக்குப் பதிலே சொல்லவில்லை. தூசு துடைத்தபோது மைக்கை நிறுத்தும் பொத்தான் அழுந்தியிருந்தது. அதைக் காட்டும் சிவப்பு விளக்கு நாள் முழுவதும் எரிந்துகொண்டுதான் இருந்தது; அவரால்தான் அதைப் பார்க்க முடியவில்லை. அன்று மாலையே அந்தப் பொத்தானின்மேல் ஒரு துளிப் பசையை விட்டுக் காயவைத்தேன். இப்போது விரலால் தடவியே அதை அவர் கண்டுகொள்கிறார்.

எங்கள் ஸ்பீக்கரின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. மணி கேட்பதற்கும் அலாரம் வைப்பதற்கும் தேவையான ஆங்கிலத் தொடர்கள் அப்பாவுக்கு விரைவில் பழகிவிட்டன. ஆனால் விளக்கையும் ஃபேனையும் நிறுத்த வேண்டுமென்றால் தமிழ்தான் அவர் வாயில் முந்திக்கொண்டு வரும். இதற்குக் கிடைத்த வழி பலருக்கும் உதவும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். நாம் சொன்னதைக் கருவி எவ்வாறு எழுத்தாக்கிக்கொண்டது என்பதைச் செயலியின் குரல் வரலாற்றுப் பகுதியில் படிக்கலாம். "விளக்கை அணை" என்று அவர் சொன்னதை அது பொருளற்ற ஆங்கிலச் சொற்களாக எழுதி வைத்திருந்தது. ஆயினும் பத்து முறையில் ஏழெட்டு முறை அதே சொற்களாகவே எழுதியிருந்தது. அந்தச் சொற்களை ஓரெழுத்தும் மாற்றாமல் எடுத்து, அவற்றைக் கேட்டால் விளக்கை அணைக்குமாறு ஒரு ரொட்டீன், அதாவது தானாகச் செய்ய வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவைக்கும் கட்டளை, அமைத்தேன். எஞ்சிய பிழை வடிவங்களுக்கும் தனித்தனியே ரொட்டீன்கள் அமைத்த பிறகு, அவர் தமிழில் சொல்ல விளக்கு அணைகிறது. இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் நீளும் தொடர்களுக்கு இது சரிப்படவில்லை. விளக்குகளுக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். "பெட் லைட்", "பெட்ரூம் லைட்" என்று நான் முதலில் வைத்த பெயர்களில் ஒன்றைச் சொன்னால் மற்றொன்று எரிந்தது.

ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தொலைக்காட்சிக்கு எட்டத்தில் வைப்பது நல்லது. விளக்கு போன்றவற்றை ஸ்பீக்கரின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவரும் ஸ்மார்ட் பிளக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்குபவை. என் கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருந்ததால் பிளக்கை இணைக்கும் முயற்சி மூன்று முறை தோற்றது. இந்த இரண்டு வைஃபை அலைவரிசைகளுக்கும் ரௌட்டரில் வெவ்வேறு பெயர் கொடுத்து, கைப்பேசியை 2.4-க்கு மாற்றியதும் இணைந்துவிட்டது. ஒலித்தரம் ஓர் அறைக்குப் போதுமானது.

அழைப்புச் சொல்லைக் கருவி தனக்குள்ளேயே அறிந்துகொள்கிறது. அதற்குப் பிறகு பேசுவது நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கிறது. இத்தகைய பதிவுகளில் ஒரு பகுதியை மனிதர்களும் கேட்டுவந்தது அமேசான், கூகுள், ஆப்பிள் ஆகிய மூன்று நிறுவனங்களைப் பற்றியும் 2019-இல் செய்தியாக வெளிவந்ததால், எனக்கு அந்தக் கவலை முன்பே இருந்தது. ஆனால் நான் நினைத்துப் பார்க்காதது வேறொன்று. கருவி தவறுதலாக விழித்துக்கொண்ட நேரங்களில் பதிவான நான்கைந்து துணுக்குகள் குரல் வரலாற்றில் இருந்தன. அவற்றுள் ஒன்று, தம் உடல்நிலை பற்றி அப்பா என் தாயாரிடம் தனியே பேசியது. எனக்குத் தெரியக்கூடாது என்று அவர் நினைத்தது. கணக்கு என் பெயரில் இருப்பதால், அவர் அறைக்குள் பேசுவது என் கைக்கு வந்துவிடுகிறது. அன்றே அவரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பதிவுகளை அழிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் அழித்து, இனிப் பதிவாகுபவையும் செயலி அனுமதிக்கும் மிகக் குறுகிய காலத்தில் தாமாக அழியுமாறு மாற்றினேன். பெற்றோருக்காக இக்கருவியை அமைப்பவர்கள், முதல் நாளே இதை அவர்களிடம் விளக்கிச் சம்மதம் பெற்றுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு உழைப்புக்கும் இது தகுதியானதுதான். இரவில் விழிப்பு வந்தால் அப்பா யாரையும் எழுப்பாமல் மணி கேட்டுக்கொள்கிறார். காலையில் செய்தியைத் தாமே போட்டுக்கொள்கிறார். கண்பார்வை குறைந்தவர் உள்ள வீட்டுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், அமைத்துத் தர ஒருவர் ஒரு வாரமாவது உடனிருக்க முடியுமானால். அவசர அழைப்புக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். மின்சாரமோ இணையமோ நின்றால் அழைப்பும் போகாது. பெரிய பொத்தான்கள் கொண்ட அவருடைய பழைய கைப்பேசி, சார்ஜ் ஏற்றப்பட்டு, இன்றும் அவர் தலைமாட்டில்தான் இருக்கிறது.