ஆசிரியையாக வாழ்ந்த அம்மாவுக்கு ஒரு நினைவு மலர்: மூன்று வகை அச்சுச் சேவைகள், ஒரு மதிப்பீடு

வாழ்நாளில் பாதியை வகுப்பறையில் கழித்த ஒருவர் மறைந்தால், அவரைப் பற்றிய நினைவுகள் பல கைகளில் சிதறிக் கிடக்கும். மாணவர்கள் பார்த்த டீச்சரை வீட்டில் இருந்தவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். கணவருக்குத் தெரிந்த பலவும் பிள்ளைகளுக்கே தெரியாது. இவற்றை ஒரே அட்டைக்குள் சேர்ப்பதுதான் நினைவு மலரின் வேலை. சேர்த்துத் தருகிறதா, இல்லை வெறுமனே அச்சடித்துத் தருகிறதா என்று பார்த்துத்தான் ஒரு சேவையை எடைபோட வேண்டும்.

கிடைக்கும் சேவைகள் மூன்று வகை: இணையத்தில் நாமே பக்கம் கோக்கும் லேஃப்ளாட் (விரித்தால் தட்டையாகப் படுக்கும்) ஃபோட்டோபுக், பிடிஎஃப் கொடுத்தால் புத்தகமாக்கித் தரும் டிஜிட்டல் அச்சகம், பேட்டி எடுத்து எழுதி, வடிவமைத்து, அச்சிட்டும் தரும் முழுச் சேவை. படங்களே பிரதானம் என்றால் முதல் வகை. எழுத்து கணிசமாக இருந்தால் இரண்டாவது வகையைத் தயங்காமல் எடுக்கலாம். மூன்றாவது வகை, பேட்டி எடுப்பவர் கேட்கும் கேள்விகளைப் பொறுத்தது.

லேஃப்ளாட்டின் பெரிய பலம் பள்ளிக் குழுப்படம். ஆசிரியையின் வாழ்க்கையில் ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்ந்திருக்கும் அந்த நீளப் படங்களைச் சாதாரணப் புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு விரித்தால், நடு மடிப்பில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் உள்ளே போய்விடும். அதில் இரண்டு பிள்ளைகளின் முகம் போகும், பல சமயம் நடுவில் உட்கார்ந்திருக்கும் டீச்சரின் முகமே போகும். லேஃப்ளாட்டில் பக்கம் மேசைமேல் தட்டையாகப் படுப்பதால் இந்தச் சேதம் இல்லை. குறை, தமிழ் எழுத்தில்தான். பல தளங்களின் எடிட்டரில் தமிழ் எழுத்துரு இருக்காது. இருந்தாலும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். திரையில் சரியாகத் தெரிந்தது அச்சில் கட்டம் கட்டமாக வருவதும் உண்டு. தமிழ் வரிகளை வேறு மென்பொருளில் தட்டச்சிட்டு, அச்சு அளவிலேயே 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) படமாக மாற்றி ஏற்றுவது பாதுகாப்பு. நாலு வரித் தலைப்புக்கு இது போதும். பத்துப் பக்கக் கட்டுரைக்குச் சரிப்படாது.

டிஜிட்டல் அச்சகத்தில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் கோப்பை நாம்தான் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அங்கேயும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பழைய பாமினி எழுத்துருவில் வந்த கட்டுரைகளை முதலில் இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடாக மாற்றி, மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாக வாசிக்க வேண்டும். எழுத்துருக்கள் பிடிஎஃப்பில் பதிந்திருக்க வேண்டும். எழுத்தின் கறுப்பு, கறுப்பு மை மட்டும் 100 விழுக்காடாக இருக்க வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால் சிறிய எழுத்தின் ஓரம் மங்கும். நான்கு பக்கமும், வெட்டும்போது போய்விடும் கூடுதல் விளிம்பு (ப்ளீட்) 3 மில்லிமீட்டர் விடுங்கள். மலரை வாசிக்கப் போகிறவர்களில் வயதானவர்கள் அதிகம் என்பதால் எழுத்து 13 பாயின்ட், வரி உயரம் 19 பாயின்ட். தமிழில் மேல்விலங்கும் (கி) கீழ்விலங்கும் (கு) இருப்பதால் இதைவிட நெருக்கினால் வரிகள் ஒன்றோடொன்று முட்டும்.

கட்டு விஷயத்தில் அச்சகம் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். ஏறக்குறைய 48 பக்கம் வரை நடுவில் பின் அடிப்பது போதும். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 48 பக்கத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் பெர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசை போட்டு ஒட்டும் கட்டு) என்பார்கள். வழவழப்பான 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) ஆர்ட் பேப்பரில் சாதாரணப் பசை சரியாக ஊறாது. நாலைந்து முறை அகல விரித்தால் தாள் கழன்று வரும். இந்தப் புத்தகம் கைமாறிக் கைமாறிப் பார்க்கப்படும். தையல் கட்டு கேளுங்கள். எழுத்துப் பக்கங்களுக்கு மேப்லித்தோவும் (பூச்சில்லாத சாதாரண அச்சுத் தாள்), படப் பக்கங்களுக்கு மட்டும் மேட் ஆர்ட் பேப்பரும் போட்டால் கண்ணுக்கும் இதம், கட்டுக்கும் பலம்.

எந்தச் சேவையாக இருந்தாலும் மலர் கெடுவது பெரும்பாலும் ஸ்கேனில்தான். 4×6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் எடுத்தால் 2400×3600 பிக்சல் கிடைக்கும். அச்சில் இருமடங்கு பெரிதாக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக வந்தது சுருங்கித்தான் வரும். பழைய மாணவர்களிடம் கேட்கும்போதே ‘டாக்குமென்டாக அனுப்புங்கள்’ என்று சொல்லிவிட வேண்டும். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலை அடியில் மெதுவாக அறுப்பதுபோல் ஓட்டினால் பல சமயம் கழன்றுவிடும், இல்லையென்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். சொரசொரப்பான பட்டுத்தாள் படங்கள் ஸ்கேனரில் புள்ளி புள்ளியாக மின்னும். ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் எடுத்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்தால் அந்த மினுக்கம் பெருமளவு அடங்கும். எழுபது, எண்பதுகளின் வண்ணப் படங்கள் சிவந்துபோனதற்குக் காரணம், அவற்றின் சியான் எனப்படும் பசுநீலச் சாயம் மற்றவற்றுக்கு முன்னால் வெளிறியதுதான். நிறத்தைச் சரிசெய்யலாம், மூல ஸ்கேனைத் தனியாக வைத்துக்கொண்டு.

சில சேவைகள் மங்கிய முகத்தைச் செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கித் தருவதாகச் சொல்கின்றன. வேண்டவே வேண்டாம். கண்ணும் பல்வரிசையும் வேறு யாருடையதோ ஆகிவிடும். அந்த முகத்தோடு நாற்பது வருடம் வாழ்ந்தவருக்குப் பார்த்த மாத்திரத்தில் அது தெரியும். மங்கலாக இருந்தாலும் அவருடைய முகம் வேண்டும்.

கையெழுத்துக்கு இடம் ஒதுக்குங்கள். பாடக்குறிப்பு நோட்டு, மாணவர் விடைத்தாளில் எழுதிய குறிப்பு, வீட்டுக் கணக்கு நோட்டு, கணவருக்கு எழுதிய கடிதம். இவை கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யப்பட்டால் சிவப்பு மைத் திருத்தம் நீல மையோடு கலந்து ஒரே சாம்பலாகிவிடும். ஓர் ஆசிரியையின் திருத்தத்துக்கு அந்தச் சிவப்புதான் அடையாளம். வண்ணத்திலேயே எடுத்து, தாளின் மஞ்சளையும் அழிக்காமல் விடுங்கள்.

முழுச் சேவையின் எழுத்துப் பகுதியில் அடிக்கடி பார்க்கும் குறை: தியாகச் சுடர், அன்பின் சிகரம், கல்விக் கலங்கரை. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும் சொற்கள். ‘டீச்சர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் இப்படித்தான் பதில் வரும். அவர் வகுப்புக்குள் வந்ததும் முதலில் என்ன செய்வார், தவறான விடை சொன்ன பையனிடம் என்ன சொல்வார், கரும்பலகையை எந்த மூலையிலிருந்து எழுதத் தொடங்குவார் என்று கேட்டுப் பாருங்கள். கணவரிடம் தேர்வுத்தாள் திருத்திய இரவுகளைப் பற்றி, பிள்ளைகளிடம் அம்மாவே வகுப்பாசிரியையாக வந்த வருடத்தைப் பற்றி. ஒப்பந்தம் போடுமுன் கேள்விப் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டால் சேவையின் தரம் தெரிந்துவிடும். எந்தப் பள்ளியில் எந்த ஆண்டு என்பதற்கு நினைவை நம்ப வேண்டாம். பணி நியமன, இடமாற்ற ஆணைகளைப் பார்த்து எழுதுங்கள்.

ஒரு மெய்ப்புப் பிரதி அச்சிட்டுத் தராத சேவையிடம் வேலையைக் கொடுக்கவே கூடாது. அந்தப் பிரதியைக் குடும்பத்தார் ஒருவரும் உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். குழுப்படத்தில் ‘இடமிருந்து வலம்’ பெயர்கள் தப்பாக இருப்பதையும், படம் வலம் இடமாகத் திரும்பியிருப்பதையும் பெரும்பாலும் அந்தச் சக ஆசிரியர்தான் கண்டுபிடிப்பார்.

கடைசியில் இரண்டு மூன்று பக்கம் வெறுமையாக விடச் சொல்லுங்கள். பிறகு கேள்விப்பட்டு வரும் மாணவர்கள் ஏதாவது எழுத விரும்புவார்கள். லேஃப்ளாட்டின் வழவழப்பான ஃபோட்டோ தாளில் சாதாரணப் பேனா மை பிடிக்காமல் இழுசும். மேப்லித்தோவில் பென்சிலும் எழுதும், மைப்பேனாவும் எழுதும்.